கேளுங்க அக்கா: கிளம்ப இன்னும் நாலு வாரம்

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, நியூசிலாந்தில் டனீடின் என்ற ஊரில் ஒரு செமஸ்டர் படித்தேன் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் விசாவும் வேலையும் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அந்த விதிகளெல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறும், பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்பதுதான் சரி. மிச்சமிருப்பதில் ஐந்து கடிதங்கள் மட்டும் இங்கே.

அக்கா, நான் மதுரை. ஜூலையில் ஒரு செமஸ்டர் படிக்க டனீடின் வந்தேன். நவம்பர் முதல் வாரம் பரீட்சை முடிகிறது, டிசம்பர் முதல் வாரம் ஃபிளைட். நடுவில் நாலு வாரம். ஃபிரெண்ட்ஸ் எல்லாம் ஒரு கேம்பர்வேன் எடுத்து 12 நாளில் தெற்குத் தீவு முழுவதையும் சுற்றிவிடலாம் என்கிறார்கள். எனக்கும் ஆசைதான், ஆனால் இப்போதே மனசு பாதி ஊருக்குப் போய்விட்டது, இங்கேயும் இல்லை அங்கேயும் இல்லை என்று திரிசங்கு மாதிரி இருக்கிறேன். எதையும் ரசிக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

தம்பி, அந்த 12 நாள் திட்டத்தை நான் 9 நாளில் செய்தவள். இப்போது யோசித்தால் என்ன ஞாபகம் வருகிறது தெரியுமா? பெட்ரோல் பங்கில் வாங்கிய ஆறிப்போன 'பை' பலகாரம், பின் சீட்டில் ஈரத் துண்டின் வாசனை, குவீன்ஸ்டவுனில் பார்க்கிங் தேடிச் சுற்றிய முக்கால் மணி நேரம். குவீன்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்ட் (செங்குத்தான மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த இடம்) ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர், போய்வர எட்டு மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். போய்ச் சேர்ந்தால் மழை. வருஷத்துக்கு ஆறு மீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற இடம் அது, அதனால் மழையைக் குறை சொல்லக்கூடாது, மழை பெய்தால்தான் அந்தப் பாறைச் சுவரெல்லாம் அருவியாக இறங்கும். ஆனால் அதை நின்று பார்க்க எங்களுக்கு நேரம் இல்லை, அன்று ராத்திரிக்குள் அடுத்த ஊர் போயாக வேண்டும் என்று அட்டவணை சொன்னது.

வேனில் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு நாள் போங்கள், ஒரே திசையில் போங்கள். மீதி நாட்களுக்கு நீங்கள் இருக்கிற ஊரிலேயே ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே திரும்பத் திரும்பப் போங்கள். எனக்கு அது சாண்ட்ஃப்ளை பே. கடைசி மாதத்தில் ஏழு தடவை போனேன். (பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கடிக்கிற அந்தப் பூச்சிக்காக வைத்த பெயர் இல்லை, காற்றில் மணல் பறக்கிற விரிகுடா என்பதால் வந்த பெயர். நிஜமான கடிப் பூச்சி மில்ஃபோர்ட் பக்கம் காத்திருக்கிறது.) ஆட்டு மந்தை மேய்கிற புல்வெளி வழியாக இறங்கி, பெரிய மணல் மேட்டில் சறுக்கிக்கொண்டே கீழே போய்விடலாம், திரும்பி ஏறும்போதுதான் ஒரு அடி ஏறினால் அரை அடி சறுக்கி, உயிர் போகும். கரையில் பழைய மரக்கட்டை கிடக்கிறதே என்று பக்கத்தில் போனால் அது கொட்டாவி விடும், கடல்சிங்கம். 20 மீட்டராவது தள்ளி நிற்கச் சொல்வார்கள், அது ஓட ஆரம்பித்தால் அந்த 20 மீட்டர் எவ்வளவு கம்மி என்று புரியும்.

முதல் தடவை போனபோது கடலும் மணலும்தான் கண்ணில் பட்டன. மூன்றாவது தடவை, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தால் குளிரும் என்று தெரிந்துவிட்டது. ஐந்தாவது தடவைதான் ஹொய்ஹோவைப் பார்த்தேன், கண்ணைச் சுற்றி மஞ்சள் பட்டை உள்ள பென்குயின், உங்கள் பர்ஸில் இருக்கிற ஐந்து டாலர் நோட்டில் இருக்கிறதே, அதுதான். தெற்குத் தீவில் அது வேகமாகக் குறைந்துவருகிறது. சாயங்காலம் மீன் பிடித்துவிட்டுக் கரை ஏறும், ஆனால் மணலில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஏறாமல் தண்ணீரிலேயே நின்றுவிடும், கூட்டில் குஞ்சு பட்டினி. அதனால் கரையின் கோடியில் கட்டியிருக்கிற மறைவிடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் பார்த்தது மொத்தம் இரண்டு நிமிஷம். சட்டைப்பையில் கைவிட்டுக்கொண்டு நடக்கிற ரிட்டயர்ட் வாத்தியார் மாதிரி புதருக்குள் போய்விட்டது.

அப்புறம் டையரோவா முனை. ராயல் ஆல்பட்ராஸ் பறவை, அந்த நாட்டுப் பூர்வகுடிகளின் மவோரி மொழியில் தொரோவா, மனிதர்கள் வாழும் பெரிய நிலப்பகுதியில் கூடு கட்டுகிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான், மற்றதெல்லாம் ஆளில்லாத தீவுகள். இறக்கையை விரித்தால் மூன்று மீட்டர். நவம்பரில் அவை முட்டையிடுகிற நேரம் என்பதால் மேலே இருக்கிற பார்வையிடம் செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பரின் பின்பகுதி வரை மூடியிருக்கும். பலர் இதைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். காற்று பலமாக அடிக்கிற நாளாகப் பார்த்துப் போய், கீழே கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்துப் பாறை ஓரத்தில் நின்றால் போதும், தலைக்கு மேலேயே போகும். காற்று இல்லாத நாளில் அந்தப் பறவை எழுந்திருக்க யோசிக்கும், அவ்வளவு கனம். இருட்டிய பிறகு பக்கத்துப் பைலட்ஸ் பீச்சில் சின்ன நீலப் பென்குயின்கள் கூட்டமாக ஏறும், அதற்கு மட்டும் டிக்கெட்.

நீங்கள் கிளம்பும்போது அந்த முட்டையெல்லாம் அடைகாப்பில் இருக்கும். பதினோரு வாரம் ஆகும். பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில், நீங்கள் மதுரையில் மொட்டைமாடியில் நிற்கும்போது, குஞ்சு பொரிக்கும். செப்டம்பரில் பறந்துபோனால் சில வருஷம் கடலிலேயே, தென் அமெரிக்கக் கரைப்பக்கம்கூடப் போய், பிறகு அதே முனைக்குத் திரும்பிவரும். இதை உவமையாக நீட்ட எனக்கு விருப்பமில்லை, உண்மையைச் சொன்னேன், அவ்வளவுதான்.

ரசிக்க முடியவில்லை என்கிறீர்களே, அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கலாம். பரீட்சை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று எல்லாவற்றையும் தள்ளி வைத்திருப்பீர்கள். நவம்பர் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது ஆகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு லைப்ரரியை விட்டு எழுந்தாலும் மூன்று நாலு மணி நேர வெளிச்சம் கையில் இருக்கிறது, இது நம் ஊரில் கிடைக்கவே கிடைக்காத சொத்து. டையரோவா முனைக்குப் போகும் வழியில் போர்ட்டோபெல்லோ வரை டவுன் பஸ்ஸே போகிறது. ஒரு நாள் டனல் பீச் இறங்குங்கள், 1870-களில் ஒரு பணக்காரர் தன் குடும்பம் கடற்கரைக்குப் போகப் பாறையைக் குடைந்து வைத்த சுரங்கப்பாதை. தாவரவியல் பூங்காவில் ரோடோடென்ட்ரான் பூத்து முடிகிற நேரம், பார்த்துவிடுங்கள். மஞ்சள் கோஃபாய் பூ அநேகமாகக் கொட்டியிருக்கும், அது நம் கொன்றையின் குடும்பம்தான், தூரத்து உறவு. சன்ஸ்கிரீன் மட்டும் மறக்காதீர்கள். நம்ம தோலுக்கு வெயிலெல்லாம் ஒன்றும் செய்யாது என்று தெனாவட்டாக இருந்த எனக்கு மூக்குத் தோல் உரிந்தது, குளிராக இருந்தாலும் அந்த வெயில் சுடும்.

நாலு நாள் வேன் பயணத்துக்கு டேகபோ ஏரிப்பக்கம் போகலாம். நவம்பர் நடுவில் லூப்பின் பூக்க ஆரம்பிக்கும், ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஏரிக்கரை முழுக்க, எல்லாரும் போட்டோ எடுக்கிற இடம். அழகுதான். ஆனால் அது வட அமெரிக்காவிலிருந்து வந்த செடி, ஆற்றுப்படுகையில் பரவி அங்கே கூடு கட்டுகிற பறவைகளின் இடத்தை அடைத்துவிடுகிறது, காக்கி என்கிற கருப்பு நெடுங்கால் உள்ளான் அதில் ஒன்று. போட்டோ எடுங்கள், விதையைப் பிடுங்கி வேறு எங்கும் தூவாதீர்கள். போகும் வழியில் மொராக்கி உருண்டைப் பாறைகளையும் பார்த்துவிடலாம், டனீடினிலிருந்து ஒரு மணி நேரம்தான். கடலடிச் சேற்றில் முத்துமாதிரி மெதுவாக, லட்சக்கணக்கான வருஷமாக வளர்ந்த பாறைகள், சில ஆள் உயரம்.

வணக்கம். என் மகள் அங்கே படிக்கிறாள். பரீட்சை முடிந்ததும் மலையில் தனியாக நடக்கப் போகிறேன், ராத்திரி காட்டுக்குள் ஏதோ குடிசையில் தங்குவேன் என்கிறாள். அவள் அப்பா பேசவே மாட்டேன் என்கிறார். போக விடலாமா? (ஒரு அம்மா, காரைக்குடி)

அம்மா, அது குடிசை இல்லை, 'ஹட்' என்பார்கள், பலகைப் படுக்கை, மெத்தை, தண்ணீர்த் தொட்டி, சிலவற்றில் கணப்பு அடுப்பும் இருக்கும். அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை (அங்கே எல்லாரும் சுருக்கமாக 'டாக்' என்பார்கள்) நாடு முழுக்க 950-க்கு மேல் பராமரிக்கிறது. உங்களுக்கு நிம்மதி தரும் செய்தி ஒன்று: அந்த நாட்டுக் காட்டில் பாம்பு கிடையாது, புலி சிறுத்தை கரடி எதுவும் கிடையாது. நிம்மதி கெடுக்கும் செய்தியும் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டியது ஆற்றுக்கும் வானிலைக்கும். காலையில் கணுக்கால் அளவு ஓடுகிற ஓடை மத்தியானம் மழைக்குப் பிறகு ஆளை இழுத்துக்கொண்டு போகும். நவம்பர் தொடக்கத்தில்கூட உயரமான கணவாய்களில் பனிச்சரிவு அபாயம் இருக்கும்.

அதனால் போகாதே என்று சொல்லாமல் இப்படிக் கேளுங்கள். எந்த வழி, எந்த ஹட், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று அங்கே இருக்கிற ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டாயா? அவசர பீக்கன் கருவி வாடகைக்கு எடுத்தாயா? (மலையில் செல்போன் சிக்னல் பெரும்பாலும் இருக்காது, இந்தக் கருவியின் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்குச் செய்தி போகும்.) ஆறு ஏறியிருந்தால் கடக்காமல் ஒரு நாள் கூடுதலாகக் காத்திருக்கச் சாப்பாடு இருக்கிறதா? ஹட்டில் வைத்திருக்கிற நோட்டில் பெயரும் அடுத்து போகும் வழியும் எழுதுவாயா? இந்த நாலுக்கும் பதில் இருந்தால் உங்கள் மகள் விவரமான பெண். தனியாகப் போவதற்கு நானும் முழு ஆதரவு இல்லை, முதல் தடவை யாராவது இரண்டு பேரோடு போகட்டும், பல்கலைக்கழகத்தில் மலையேறும் மாணவர் குழு இருக்கிறது. பெயர் பெற்ற பெரிய நடைப்பாதைகளெல்லாம் பல மாதம் முன்பே புக் ஆகிவிடும். ஊருக்குப் பக்கத்துச் சில்வர் பீக்ஸ் மலையில் ஜூபிலி ஹட் போன்ற சின்ன இடங்கள் முதல் தடவைக்குப் போதும், அங்கேயும் மூடுபனி திடீரென்று இறங்கும் என்பதால் வானிலை பார்த்துவிட்டுத்தான்.

அடிபட்டால் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை வெளிநாட்டவருக்கும் அந்த நாட்டு விபத்துக் காப்பீடே பார்த்துக்கொள்ளும், நோய்க்கு அது பொருந்தாது, அதற்கு மாணவர் காப்பீடு இருக்கும். அவள் அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். இன்னொன்று, நீங்கள் ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு போன் போட்டால் அங்கே விடிகாலை நாலரை. போன் எடுக்கவில்லை என்று அழ வேண்டாம்.

நான் ஒரு தடவை ஹட்டில் மாட்டிக்கொண்டேன். நாள் முழுக்க மழை, வெளியே போக வழியில்லை, முன்பின் தெரியாத மூன்று பேர். பையில் ரவை இருந்தது, வெங்காயம் ஒன்று இருந்தது, கிளறிக் கொடுத்தேன். ஒருவர் அதை இன்னும் சூடான கேக் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

கிளம்பும்போது நினைவாகக் கொஞ்சம் கடற்கரைக் கல், சிப்பி, ஒரு பறவை இறகு எடுத்து வரலாமா அக்கா?

இறகு வேண்டாம். அந்த நாட்டுப் பறவைகளுக்கு 1953-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, கீழே கிடந்த இறகுக்கும் சேர்த்துத்தான். பச்சைக்கல், பவுனமு என்பார்கள், அது தெற்குத் தீவின் ஙாய் தாஹு மக்களுக்குச் சொந்தம், 1997-ல் சட்டமே போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வேண்டுமென்றால் கடையில், யார் செதுக்கியது என்று கேட்டு வாங்குங்கள். (அந்த ஙாய் என்ற சொல்லை வெள்ளைக்காரர்கள் திணறிக்கொண்டு சொல்வார்கள், நமக்கு ஙப்போல் வளை தெரியும், ஒரே மூச்சில் வந்துவிடும். எனக்கு அங்கே கிடைத்த ஒரே பாராட்டு அதற்குத்தான்.) செடி, விதை, மண் எதுவும் நம் ஊர் விமான நிலையத்தில் சிக்கல்தான். காலணியைப் பிரஷ் போட்டுக் கழுவிவிட்டு பெட்டியில் வையுங்கள்.

நான் கொண்டுவந்தது ஒலிப்பதிவு. கொரிமாகோ என்று ஒரு பறவை, ஆங்கிலத்தில் மணிப்பறவை என்பார்கள், விடிகாலையில் கத்தும். 1770-ல் கேப்டன் குக்கின் கப்பலில் வந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ், கரையிலிருந்து கேட்ட இந்தப் பறவைக் கூட்டத்தின் பாட்டை நாட்குறிப்பில் சின்ன மணிகளின் ஓசையோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். டனீடினுக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் ஓரோகோனுய் சரணாலயம், 307 ஹெக்டேர் காட்டைச் சுற்றி எலியும் மரநாயும் நுழையாதபடி வேலி போட்டிருக்கிறார்கள், அங்கே நன்றாகக் கேட்கும். போனை மரத்தடியில் வைத்துவிட்டு பத்து நிமிஷம் தள்ளிப்போய் நின்றேன். என்னுடைய 2,000 போட்டோவை எந்த ஹார்ட் டிஸ்க்கில் போட்டேன் என்றே தெரியவில்லை, அந்தப் பத்து நிமிஷம் இன்னும் போனில் இருக்கிறது. நடுவில் நானே தும்முவதும் அதில் இருக்கிறது.

டூயட் பாட்டில் பார்த்த பனிமலைக்கு இவ்வளவு பில்டப்பா? நம்ம ஊட்டி, கொடைக்கானல் போதாதா? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

தாராளமாகப் போதும். வசந்தத்தில் டனீடினைச் சுற்றி மலையெல்லாம் மஞ்சளாக இருக்கும், நானும் முதல் வாரம் சொக்கிப்போய் நின்றேன். பிறகு பக்கத்து ஃபிளாட்காரர் சொன்னார், அது கோர்ஸ் என்ற முட்புதர், பிரிட்டனிலிருந்து வேலிக்காகக் கொண்டுவந்தது, இப்போது ஒழிக்க முடியாமல் தவிக்கிறோம் என்று. ஊருக்கு வந்து ஊட்டி போனால் புல்வெளி ஓரத்தில் அதே முள், அதே மஞ்சள், அதே ஆட்கள் நட்டது. ஆகவே இரண்டு ஊருக்கும் நீங்கள் நினைப்பதைவிட ஒற்றுமை அதிகம்.

ஜூலையில் ஊருக்கு வந்துவிட்டேன். மூன்று மாதம் ஆகியும் மனசு ஒட்டவில்லை. அந்த ஊரின் வானம், ராத்திரி நட்சத்திரம் எல்லாம் கண்ணிலேயே நிற்கிறது. இங்கே அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. (ஒரு வாசகி, தூத்துக்குடி)

தூத்துக்குடியில் இருந்துகொண்டு ஒன்றும் இல்லை என்று சொல்லக்கூடாது. தெற்கு வானத்தில் நல்ல பங்கு நமக்கும் உண்டு, தெரு விளக்கை விட்டுக் கொஞ்சம் விலகி, தெற்கே மறைப்பில்லாத இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் இரவு ஒன்பது பத்து மணிக்குத் தெற்கே தனியாகப் பளிச்சென்று ஒன்று நிற்கும், அகத்தியர் நட்சத்திரம். டனீடினில் அது மறைவதே இல்லை, வருஷம் முழுக்க வானத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், நீங்கள் தினமும் பார்த்ததுதான்.

மே மாதம் நடுவில் அதே நேரத்துக்கு மறுபடி போங்கள். தென் சிலுவை, நம் ஆட்கள் திரிசங்கு என்று சொல்வது, தொடுவானத்துக்குச் சற்று மேலே நேராக நிற்கும். அப்படியே ஒரு மணி நேரம் நின்றுவிட்டுச் சாய ஆரம்பிக்கும்.

முதல் கடிதம் எழுதிய தம்பிக்கும் இதில் ஒன்று இருக்கிறது. நவம்பர் கடைசியில் இரவு பதினொன்று வாக்கில் சாண்ட்ஃப்ளை பே மேட்டில் நின்று தெற்கே பாருங்கள், தடிமனான ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். அதே திரிசங்கு அங்கேயும் தாழத்தான் இருப்பான், ஆனால் கதையில் சொல்கிற மாதிரியே தலைகீழாக. பார்த்துவிட்டு டார்ச்சை முன்னால் அடித்துக்கொண்டு ஏறுங்கள், வழியில் கடல்சிங்கம் படுத்திருக்கும்.